மூக்கு சிவந்த மகாராணி

அத்தியாயம் ஏழு

"ராணியம்மா மூக்கு செவந்திருக்கு" என்றார் சுபேதார் மேஜர் ஹுகம்தாத் கான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சுபேதார் மேஜர் முன்னால் சிரித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டவன் எங்கள் எல்லைப்புற ஊரான கோஹாட்டில் கிடையாது. அதனால் அதை அவசரமாக இருமலாக மாற்றிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்ஷி காஸிம் பங்கஷ் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

முன்ஷியைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இருபது வருஷம் பஷ்தோ சொல்லிக்கொடுத்தவர். அவர்கள் கற்றது கொஞ்சம், அவர் அவர்களைப் பற்றிக் கற்றது நிறைய. ஓய்வு பெற்ற பிறகு குதிரை, உயில், மாப்பிள்ளை என்று ஊரில் எது காணாமல் போனாலும் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. நான் தில்பர் கான். பட்டாளத்துப் பேண்டில் பெரிய முரசு அடித்தவன். இப்போது முன்ஷிக்கு உதவியாளன். அதாவது, அவர் யோசிக்கும்போது நான் கொய்யாப்பழம் தின்பேன்.

சுபேதார் மேஜர் மார்பிலிருந்து மெடல் வரிசையைக் கழற்றி முன்ஷியின் கையில் வைத்தார். நாலு மெடல்கள் ஒரே பட்டையில் கோத்துத் தைத்திருந்தன. முதல் மெடல் தீரா மலைச் சண்டைக்குக் கொடுத்தது. எங்கள் வயசுக்காரர்கள் எல்லோரும் வாங்கினது. ஒரு பக்கம் மகாராணியின் தலை, சிவப்பில் இரண்டு பச்சைக் கோடு போட்ட ரிப்பன், அதன்மேல் இரண்டு சின்னப் பட்டைகள். மற்றபடி எல்லாம் பளபளவென்று வெள்ளியாக இருக்க, மகாராணியின் மூக்கு நுனி மட்டும் செங்கல் நிறத்தில் இருந்தது.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை செங்கல் பொடி போட்டு நானே தேய்ப்பேன். முப்பது வருஷமா தேய்க்கிறேன். இந்த வருஷம் மூக்கு பழுக்குது. வெள்ளி பழுக்குமா முன்ஷி?"

"பழுக்காது சுபேதார் சாப்."

"அப்ப எவனோ என் மெடலத் திருடிட்டு இந்தப் போலியத் தொங்க விட்டிருக்கான். இன்னிக்கு நாலு மணிக்கு தர்பார். ஜெனரல் வராரு. அதுக்குள்ள என் மெடல் என் நெஞ்சுல இருக்கணும். அது எவன்கிட்ட இருக்கோ, அவன தர்பாருக்கு நடுவுல நிக்க வெச்சு கையில விலங்கு மாட்டுவேன். அல்லா மேல ஆணை."

ஆணை என்றால் அவர் விளையாட மாட்டார். சொந்த மைத்துனனோடு பேசுவதில்லை என்று ஆணையிட்டு, மைத்துனனின் ஜனாஸா அடக்கத்தில்கூட வாயைத் திறக்காமல் நின்றவர்.

முன்ஷி மெடலின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். எங்கள் மெடல்களில் விளிம்பைச் சுற்றி நம்பரும் பெயரும் இங்கிலீஷில் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். இதில் விளிம்பு வழவழவென்று இருந்தது.

"பேரை அரத்தால ராவியிருக்கு" என்றார் முன்ஷி. பிறகு பட்டையைத் திருப்பித் தையலைப் பார்த்தார். "தில்பரு, இது யாரு தையல்?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "என்னுது முன்ஷிஜி! முரசுத்தோல் இழுத்துக் கட்டற முடிச்சு. கோஹாட்ல வேற எவனுக்கும் இந்த முடிச்சு வராது. போன வருஷம் நான் போட்டது அப்படியே இருக்கு பாருங்க. ஒரு இழைகூட அறுபடல. எவனும் தொடல."

முன்ஷி என்னை ரொம்ப நேரம் பார்த்தார். என் தையலைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

*

வெள்ளிக் கடைத் தெருவில் பிஷன் தாஸ் அப்போதுதான் கடையைத் திறந்து ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தார். முன்ஷி மெடல் வரிசையை நீட்டினார். பிஷன் தாஸ் முதல் மெடலை மட்டும் உள்ளங்கையில் ஏந்தி ஒரு தடவை எடை பார்த்தார், அவ்வளவுதான்.

"போலியா லாலாஜி?"

"போலியா? யாரு சொன்னா? இந்த முகத்த பாருங்க, தலைமுடி ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது. இது கல்கத்தா நாணயச்சாலையில அடிச்ச அசல் மெடல். ஆனா உள்ள வெள்ளி இல்ல, வெண்கலம். மேல பூசினதுதான் வெள்ளி." அவர் கொஞ்சம் தயங்கினார். "பூசினது நான்தான். எனக்கு முன்னாடி எங்க அப்பா. விளிம்ப ராவினதும் அவருதான்."

"யாருக்கு?"

"சொல்லக் கூடாது முன்ஷிஜி. வாக்கு குடுத்திருக்கு."

"சரி, பேரு வேணாம். அவரு எப்ப வருவாரு, அத மட்டும் சொல்லுங்க."

"வருஷா வருஷம், தர்பாருக்குப் பத்து நாள் முன்னாடி. மூக்குலயும் கன்னத்துலயும் லேசா நிறம் வெளிய வரும். பூசிக் குடுப்பேன். துணியில சுத்தி, குழந்தையத் தூக்கிட்டுப் போற மாதிரி தூக்கிட்டுப் போவாரு."

"இந்த வருஷம்?"

"இந்த வருஷம் வரவே இல்ல. மவுத்தாயிட்டாரோன்னு பயந்துட்டேன். முந்தாநாள் கொய்யாக் கூடையோட போறதப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்காரு."

முன்ஷி எழுந்துவிட்டார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பையிலிருந்து உலர்ந்த மல்பெரியை எடுத்து இரண்டு வாயில் போட்டுக்கொண்டார். விஷயம் பிடிபட்டுவிட்டது என்றால் இரண்டு. பிடிபடாவிட்டால் ஒரு பிடி.

"தில்பரு, ஒரே சண்டை, ஒரே மெடல். ஆனா துப்பாக்கி பிடிச்சவனுக்கு வெள்ளி. சமையல்காரன், கழுதைக்காரன், தண்ணிக்காரன், இவங்களுக்கு?"

"வெண்கலம்" என்றேன். சர்க்கார் ஏற்பாடு அது. தர்பாரிலும் அப்படித்தான். பெரிய விருதுக்காரர்களுக்கு முன்னால் நாற்காலி. வெள்ளி மெடல் சிப்பாய்களுக்குப் பெஞ்சு. வெண்கலக்காரர்களுக்குத் தரையில் ஜமக்காளம். மலையில் எல்லோரும் ஒரே பாறைக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தோம். பாறைக்கு இந்த ஏற்பாடு தெரியாது.

"அப்ப ஒருத்தன் வெண்கலத்துக்கு வெள்ளி பூசி, பேரையும் ராவிட்டு, முப்பது வருஷமா பெஞ்சுல உக்காந்திருக்கான். வருஷா வருஷம் பூச வந்தவன் இந்த வருஷம் மட்டும் ஏன் வரல?"

நான் கொய்யாப்பழத்தைக் கடித்தபடி யோசித்தேன். எனக்கே ஆச்சரியமாக, விடை வந்தது. "இந்த வருஷம் அவன்கிட்ட இருக்கறது பழுக்கல. நெசமான வெள்ளி!"

"சபாஷ். சுபேதாரோட வெள்ளி. கொய்யாக் கூடையோட போற கிழவன் நம்ம பெஞ்சுல யாரு இருக்கா?"

பழம் தொண்டையில் சிக்கியது. எங்கள் பெஞ்சில் கொய்யாத் தோட்டம் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான், எனக்கு வலது பக்கம் உட்காருபவர். முப்பது வருஷமாக எனக்குத் துண்டு துண்டாக நறுக்கி உப்புத் தடவிக் கொடுப்பவர். அப்போது என் வாயில் இருந்ததும் அவர் தோட்டத்துப் பழம்தான்.

*

குலாப் தீன் சாச்சா ஊற்றுக்குப் பக்கத்தில் தன் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒரு தோள் மட்டும் இறங்கியிருக்கும். ஜீலம் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்து, சண்டை முடிந்ததும் இங்கேயே தங்கிவிட்டவர். சிப்பாய் குலாப் தீன் என்றுதான் ஊருக்குத் தெரியும்.

முன்ஷி வாய் திறப்பதற்கு முன்பே அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டார். கூடையைக் கீழே வைத்தார். மடியிலிருந்து துணி முடிச்சை அவிழ்த்து மெடலை எடுத்து நீட்டினார்.

"நான்தான் திருடினேன்" என்றார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. முன்ஷியும் எதிர்பார்க்கவில்லை என்பது அவர் வாயிலிருந்த மல்பெரி அப்படியே நின்றதிலிருந்து தெரிந்தது. மெடலை வாங்கி விளிம்பைப் படித்தார். நம்பர், ஹுகம்தாத் என்ற பேர், பட்டாளத்தின் பேர். எல்லாம் சரியாக இருந்தது.

"எப்ப திருடினீங்க சாச்சா?"

"போன வருஷம். சுபேதார் வீட்டுக்குள்ள பூந்து எடுத்தேன்."

"எந்த வழியா?"

"பின்பக்கச் சுவர் ஏறி."

"இந்தத் தோளோடவா?"

"அப்ப நல்லா இருந்துச்சு."

"நாய் குரைக்கலையா?"

"ரொட்டி போட்டேன். வாலை ஆட்டுச்சு."

"சாச்சா, சுபேதார் வீட்ல நாயே கிடையாது."

சாச்சா கொஞ்சமும் அசரவில்லை. "செத்துப் போச்சா? பாவம், நல்ல நாய்" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவரும் சிரிக்க முயன்றார். பாதியிலேயே உதடு கோணி, தலைப்பாகை நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷமே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"திருடல, இல்லையா?" என்றார் முன்ஷி மெதுவாக.

"திருடினேன்னே எழுதிக்குங்க முன்ஷிஜி. உங்க கால்ல விழறேன். விலங்கு மாட்டட்டும், ஜெயிலுக்குப் போறேன். 'குலாப் தீன் சுபேதார் மெடலயே தூக்கிட்டான்'னு நாலு பேரு பேசுவாங்க. பேசட்டும். என் மகள ஹவில்தார் வீட்ல குடுத்திருக்கேன். கட்டக் பட்டாணிக் குடும்பம், கௌரவம் பார்க்கறவங்க. சிப்பாய் மகள்னு சொல்லிக் குடுத்தேன். மாமனார் திருடன்னா அவங்க சிரிப்பாங்க. மாமனார் தண்ணிக்காரன்னா அவள மூணு குழந்தையோட இங்க கொண்டு வந்து விட்டுடுவாங்க."

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். எங்கள் பக்கத்து நியாயம் அப்படி. துப்பாக்கி திருடினவனுக்குப் பெண் கொடுப்போம். தண்ணீர் சுமந்தவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்போம், பெண் மட்டும் கொடுக்க மாட்டோம். இதில் எங்களுக்குப் பெருமை வேறு.

"பட்டாளத்துல தண்ணிக்காரனா இருந்தேன்" என்றார் சாச்சா, கொய்யா மரத்தைப் பார்த்து. "தோல் துருத்தியில தண்ணி தூக்கினேன். மெடல் குடுத்தாங்க. பழுப்பா இருந்துச்சு. ஊருக்குள்ள போட்டுட்டுப் போனா, அந்த நிறத்தப் பார்த்தே ஜமக்காளத்தக் காட்டறாங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வெள்ளி பூசிப் பார்த்தேன். பெஞ்சுல இடம் விட்டாங்க. அப்புறம் எறங்க முடியல."

"அப்ப இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"வல்லாஹி, அல்லா சத்தியமா தெரியாது. போன தர்பாருக்கு அப்புறம் வீட்டுக்கு வந்து பார்த்தா, விளிம்புல எழுத்து முளைச்சிருக்கு. மாசக்கணக்கா பழுக்கவும் இல்ல. என் கஷ்டத்த அல்லா பார்த்துட்டான், வெண்கலத்த வெள்ளியாக்கிட்டான்னு நெனச்சேன். அல்லா குடுத்தா எழுத்தோடதானே குடுப்பான்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வாரம் நெசமா நம்பினேன். அதுக்கப்புறம் நம்பற மாதிரி இருந்துட்டேன்."

"போன தர்பாருக்கு முன்னாடி மெடல யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

 சாச்சா என்னைப் பார்த்தார். முன்ஷியும் என்னைப் பார்த்தார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், அங்கே ஒரு கொய்யா மரம் மட்டும் நின்றது.

"தில்பரு" என்றார் முன்ஷி. "உன் தையல எவனும் தொடல. ஒரு இழைகூட அறுபடல. நீதான சொன்ன? அப்ப தைச்சதுக்கு அப்புறம் மாறல. தைக்கும்போதே மாறியிருக்கு. தைச்சது யாரு?"

போன வருஷம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் புது ரிப்பனோடு தர்பாருக்கு வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிழவர்களின் பத்தொன்பது தீரா மெடல்களையும் நானே வாங்கிக்கொண்டேன், யாரும் என்னைக் கேட்கவில்லை. பழைய ரிப்பனைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒரே சட்டியில் எலுமிச்சைச் சாற்றில் போட்டு, சாம்பலால் துலக்கி, வெயிலில் காயவைத்தேன். மறுபடி கோக்கும்போது விளிம்பைப் படித்திருக்க வேண்டும். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ரிப்பன்மேல் எத்தனை சின்னப் பட்டை என்று எண்ணிக் கோத்தேன். சாச்சாவுக்கும் இரண்டு பட்டை, சுபேதாருக்கும் இரண்டு பட்டை.

"திருடன் கிடைச்சுட்டான்" என்றார் முன்ஷி. "காலையிலேர்ந்து என் பக்கத்துலயே உக்காந்து கொய்யா தின்னுட்டிருக்கான்."

துப்பறியும் தொழிலில் இதுவரை நான் கண்டுபிடித்த ஒரே குற்றவாளி நான்தான்.

"அப்ப சுலபமாப் போச்சு" என்றேன். "சுபேதார்கிட்ட நான் போய்ச் சொல்லிடறேன். நான் மாத்திக் கோத்துட்டேன், இந்தாங்க உங்களுது. முடிஞ்சுது."

"முடியல. 'அப்ப இந்தப் பூசின வெண்கலம் யாருது'ன்னு கேப்பாரு. பத்தொன்பது பேர்ல ஒருத்தன் தண்ணிக்காரன்னு தெரிஞ்சா, அவன் யாருன்னு தெரியாம தூங்க மாட்டாரு. பத்தொன்பது நெஞ்சையும் வரிசையா நிக்க வெச்சுப் பார்ப்பாரு. மெடல் இல்லாத நெஞ்சு எதுவோ, அதுதான்."

சாச்சா மறுபடியும் ஆரம்பித்தார். "அதான் சொல்றேன், திருடினேன்னே..."

"சும்மா இருங்க சாச்சா!" என்று கத்திவிட்டேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

என் மெடலை எதற்கு வாங்கினேன் என்று யாராவது கேட்டால் 'தீரா' என்பேன், அதற்குமேல் பேச்சை மாற்றிவிடுவேன். தீராவில் நான் பேதியில் படுத்திருந்தேன். ஆறு வாரம். சண்டை நடந்த மலையைக் கூடாரத்தின் ஓட்டை வழியாக ஒரு தடவை பார்த்தேன். சண்டை எல்லைக்குள் இருந்தவன் எவனானாலும் மெடல் என்பது சட்டம், அதனால் என் வயிற்றுக்கும் வெள்ளி கிடைத்தது. என்னைப் பற்றி நானே கேலி பேசிக்கொண்டு திரிவதற்குக் காரணம் இதுதான். யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன் நானே சிரித்துவிடலாம் என்ற பயம்.

சட்டையிலிருந்து மெடலைக் கழற்றினேன். முப்பது வருஷமாக அந்த இடத்தில் ஒரு கனம் இருந்திருக்கிறது என்பது கழற்றியபோதுதான் தெரிந்தது. பெஞ்சை நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பெஞ்சு ரொம்பப் பிடிக்கும். பொய்யில்லை.

"சாச்சா, இதுலயும் ரெண்டு பட்டைதான்" என்றேன். "வெண்கலம் என்னுது."

"உனக்குப் பைத்தியமா? விளிம்புல உன் பேரு இருக்கே!"

"முப்பது வருஷமா எவன் விளிம்பப் படிச்சான்? படிச்சிருந்தா எனக்கு இந்தக் கதியே வந்திருக்காதே."

 முன்ஷி பையிலிருந்து ஒரு பிடி மல்பெரி எடுத்து, தான் தின்னாமல் என் உள்ளங்கையில் வைத்தார்.

*

மூன்று மணிக்கு சுபேதார் மேஜர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தையலைப் பிரித்து, அவருடைய வெள்ளியை அவர் பட்டையில் தைத்துக் கொடுத்தேன். தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், என் பங்கை மட்டும். விலங்கோடு வந்து வாசலில் நின்ற போலீஸ்காரர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்தப் பூச்சு மெடல்?" என்றார் சுபேதார் மேஜர்.

"என்னுதுங்க சாப். நான் சிப்பாயே இல்ல. பேண்டு கோஷ்டிக்குத் தண்ணி தூக்கினவன். முரசுக்காரன் காய்ச்சல்ல போயிட்டான், முரசத் தூக்கி என் தலையில கட்டிட்டாங்க. வெட்கப்பட்டு வெள்ளி பூசிக்கிட்டேன்."

அவர் நம்பமாட்டார் என்று பயந்தேன். வீணாகப் பயந்திருக்கிறேன். அவர் முகத்தில் முப்பது வருஷச் சந்தேகம் ஒன்று தீர்ந்த மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது.

"அதான்!" என்று தொடையில் தட்டினார். "அதான் உன் தாளம் அப்படி இருந்துச்சு! பரேடுல ஒரு பட்டாளமே உன்னால கால் மாறி நடந்துச்சே! நான் அன்னிக்கே சொன்னேன், இவன் கை முரசுக்குப் பொறந்த கை இல்லடான்னு!"

போலீஸ்காரர் விலங்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சுபேதார் மேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் தாளத்தைப் பற்றி அவர் சொன்னது மட்டும் கொஞ்சம் அநியாயம். அதை அந்த நேரத்தில் விவாதிக்க முடியவில்லை.

"மாத்திக் கோத்தது முட்டாள்தனம், திருட்டு இல்ல. விலங்கு வேணாம்" என்று தீர்ப்புச் சொன்னார். "ஆனா இனிமே உன் இடம் எதுவோ, அங்க உக்காரு."

*

நாலு மணிக்கு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு பக்கமும் ஒரு சமையல்காரரும் ஒரு கழுதைக்காரரும். சேதி எனக்கு முன்னாலேயே தர்பாருக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெஞ்சிலிருந்து ஒருவர், "தில்பரு, தாகமா இருக்கு, ஒரு குவளை கொண்டா" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. குலாப் தீன் சாச்சாவின் மாப்பிள்ளை, அந்த ஹவில்தார், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். சிரித்துவிட்டுத் தன் மாமனாருக்குப் பெஞ்சில் வசதியாக நகர்ந்து இடம் விட்டான். சாச்சா சிரிக்கவில்லை. மடியில் கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சில் என் பேர் மினுங்கிக்கொண்டிருந்தது.

ஜெனரல் நாற்காலிகளை முடித்து, பெஞ்சுகளை முடித்து, கிளம்புவார் என்று பார்த்தால் ஜமக்காளத்துப் பக்கம் திரும்பிவிட்டார். அந்தச் சிரிப்பும் அதன் காரணமும் அவர் காதில் விழுந்திருக்கிறது. மொழிபெயர்க்கக் கூட வந்தவர் முன்ஷி. ஜெனரல் என் முன்னால் நின்றார். நான் எழுந்து நின்றேன்.

"நீ தீராவுல தண்ணி தூக்கினவனான்னு கேக்கறாரு" என்றார் முன்ஷி. அவர் முகத்தில் ஒரு ரோமம்கூட அசையவில்லை.

"ஆமாங்க சாகிப்."

"அந்த மலையில அவரும் இருந்தாராம். அப்ப லெப்டினன்ட். ஒரு நாள் பூரா குண்டுக்கு நடுவுல ஒருத்தன் கீழ இருந்து மேல தண்ணி கொண்டு வந்துட்டே இருந்தானாம். அவன் முகம் ஞாபகம் இல்லையாம். அது நீயான்னு கேக்கறாரு. எத்தன தடவ ஏறினன்னும் கேக்கறாரு."

 என்னுடைய தீராவில் நான் எத்தனை தடவை எங்கே போனேன் என்பது தர்பாரில் சொல்லக்கூடிய கணக்கு அல்ல.  சுபேதார் மேஜர் நாற்காலியில் திரும்பி என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் போனால், நான் தண்ணிக்காரனும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"பதினொண்ணு" என்று ஒரு குரல் கேட்டது.

குலாப் தீன் சாச்சா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தார். இறங்கிய தோளை அவரால் முடிந்த மட்டும் நிமிர்த்தியிருந்தார்.

"பதினொரு தடவ சாகிப். மூணாவது தடவ செருப்பு அறுந்துச்சு, அப்புறம் வெறுங்கால். ஏழாவது தடவ கூட வந்தவன் விழுந்துட்டான், அவன் துருத்தியயும் சேர்த்துத் தூக்கினான். குடிச்சவங்க யாரும் அவன் முகத்தப் பார்க்கல. தண்ணியத்தான் பார்த்தாங்க."

முன்ஷி அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். இருபது வருஷம் பாஷை சொல்லிக்கொடுத்தவருக்கு அன்று வார்த்தை கிடைக்கவில்லை.

"நீ இதையெல்லாம் பார்த்தியான்னு கேக்கறாரு, சாச்சா."

"பார்த்தேன்னு சொல்லுங்க. அவன் பக்கத்துலயே இருந்தேன்."

ஜெனரல் தொப்பியைக் கழற்றினார். தன் வலது கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜமக்காளத்தில் இருந்தவனோடு ஒரு ஜெனரல் கை குலுக்கி அந்த ஊர் பார்த்ததில்லை. சுபேதார் மேஜர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து மாப்பிள்ளை எழுந்தான். பிறகு பெஞ்சு முழுக்க எழுந்தது, எனக்குத் தண்ணீர்க் குவளை கேட்டவர் உட்பட. நான் அழுதுவிட்டேன். பெருமையால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

தர்பார் முடியும்வரை அந்தக் கையால் நான் எதையும் தொடவில்லை. ஷர்பத் வந்தது, இடது கையால் வாங்கிப் பக்கத்துக் கழுதைக்காரரின் முறைப்பையும் வாங்கிக்கொண்டேன். கூட்டம் கலைந்து, மாப்பிள்ளை வண்டி பிடிக்கப் போன பிறகு சாச்சாவிடம் போனேன். அவர் கையைப் பிடித்து, ஜெனரல் குலுக்கின மாதிரியே குலுக்கினேன்.

"இது உங்களுக்கு வந்தது சாச்சா. ஆள் மாறி என்கிட்ட குடுத்துட்டாங்க."

அவர் கையை விடவில்லை. சுற்றும் பார்த்துவிட்டு என் காதோடு குனிந்தார்.

"பதினொண்ணு இல்ல தில்பரு, பன்னெண்டு. கடைசித் தடவ ஏறும்போது துருத்தியில குண்டு பட்டுடுச்சு. எனக்குத் தெரியல. மேல போய் நின்னு துருத்தி வாயத் தொறக்கறேன், ஒரு சொட்டு இல்ல. ரெண்டு பசங்க வாயத் தொறந்துட்டுக் கெடந்தாங்க." அவர் விரல்கள் என் கையை இறுக்கின. "அத நான் எண்ணினதே இல்ல."